பழைய பிக்கப் வண்டியின் ஸ்டியரிங் தண்டு

இம்மாதம் வந்த கடிதங்களுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு விடையளிக்க விரும்புகிறேன். ஏனைய அன்பர்கள் பொறுத்தருள்க. இக்கடிதத்தில் ஓர் இளைஞனின் உயிர் சம்பந்தப்பட்டிருப்பதால் இதனைச் சுருக்கமாக முடித்துவிட மனம் வரவில்லை.

ஜனக்புரியில் வசிக்கும் அன்பர் ஒருவர் எழுதுகிறார். கரூருக்கு அருகே உள்ள அவருடைய பூர்வீக கிராமத்தில், தந்தையார் அரிசி ஆலைக்கென வைத்திருந்த செவர்லே பிக்கப் வண்டி ஒன்று கொட்டகையில் நிற்கிறது. 1950-ஆம் ஆண்டை ஒட்டி வாங்கியதாம். எஞ்சின் இன்றும் ஓடுகிறது. ஆனால் ஸ்டியரிங் சக்கரத்தை இப்புறமும் அப்புறமும் வெகு தூரம் திருப்பினால்தான் முன்சக்கரங்கள் அசைகின்றன. சக்கரமே மேலும் கீழும் ஆடவும் செய்கிறது. ஊரிலுள்ள மெக்கானிக், "தண்டு போய்விட்டது, டெல்லி மாயாபுரியில் கிடைக்கும், வாங்கி அனுப்பச் சொல்லுங்கள்" என்று கூறியிருக்கிறார். அன்பரின் குமாரனுக்கு இவ்வாண்டு பதினெட்டு வயது நிறைந்து லைசென்ஸும் கிடைத்திருக்கிறது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் தாத்தாவின் வண்டியைத் தானே ஓட்டவேண்டும் என்று துடிக்கிறான். "வாங்கி அனுப்பலாமா?" என்பது கேள்வி.

ரயில்வே குமாஸ்தாவுக்கு இவ்விஷயத்தில் என்ன பாத்தியதை என்று சிலர் நகைக்கலாம். உண்மையில் ரயில் வண்டிக்கு ஸ்டியரிங் என்பதே கிடையாது. அதன் சக்கரங்களின் விளிம்பு சற்றே கூம்பு வடிவாகச் சாய்த்துக் கடையப்பட்டிருப்பதால், வளைவில் வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும் உருண்டு தாமாகவே திரும்பிக்கொள்கின்றன. டிரைவர் வேகத்தை மட்டும் கவனித்தால் போதும். சாலை வண்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஓட்டுபவனின் இரு கைகளுக்கும் முன்சக்கரங்களுக்கும் இடையே உள்ள ஒரே உறவு அந்த இரும்புத் தண்டுதான். எங்கள் குடியிருப்பிற்கு அடுத்த தெருவில் பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் பல மாலை வேளைகளில் நின்று கேட்டும், கையெழுத்துப் புத்தகத்தில் குறித்தும் வைத்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங் ஆடினால் தண்டு போயிற்று என்று முடிவு கட்டுவது, இருமல் வந்தவுடன் க்ஷயரோகம் என்று சொல்வதைப் போன்றது. சக்கரத்தைத் திருப்பும் விசை தண்டின் வழியே கீழே இறங்கி, ஸ்டியரிங் பாக்ஸ் எனப்படும் பெட்டிக்குள் நுழைகிறது. அங்கே திருகுமரை ஒன்று அதனைப் பக்கவாட்டு அசைவாக மாற்றுகிறது. பெட்டியிலிருந்து வெளியே நீளும் கைக்குப் பிட்மன் ஆர்ம் என்று பெயர். அதிலிருந்து கம்பிகள், பந்து மூட்டுகள், அச்சின் இரு முனைகளிலும் உள்ள கிங்பின்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறிச் சக்கரத்தை அடைகிறது. இவற்றில் எந்த இடத்தில் தேய்ந்தாலும் ஓட்டுபவன் கைக்கு ஒரே மாதிரியான ஆட்டமாகத்தான் தெரியும். ஆறு இடங்களில் சிறிது சிறிதாகத் தேய்ந்து, எல்லாம் சேர்ந்து பெரிய ஆட்டமாக வருவதும் உண்டு. எழுபது ஆண்டு வண்டியில் அதுவே சகஜம்.

ஆகவே பணம் செலவழிக்குமுன் செய்யவேண்டிய பரீட்சை ஒன்று உண்டு. இதற்கு இருவர் வேண்டும். கருவி ஏதும் வேண்டாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு, ஒருவர் ஆசனத்தில் அமர்ந்து ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் அசைக்கவேண்டும். மற்றவர் வண்டியினடியில் பார்வையைச் செலுத்தி, அசைவு எந்த இடம் வரைக்கும் வந்து எங்கே நின்றுவிடுகிறது என்று கவனிக்கவேண்டும். மேலே சக்கரம் திரும்பியும் பெட்டிக்குள் நுழையும் தண்டு அசையவில்லையென்றால் குற்றம் தண்டினுடையது. அல்லது சக்கரம் தண்டோடு சேரும் பல்வரிசை தேய்ந்திருக்கிறது. தண்டு அசைந்தும் பிட்மன் ஆர்ம் அசையவில்லையென்றால் குற்றம் பெட்டிக்குள். பிட்மன் ஆர்ம் அசைந்தும் கம்பி தாமதித்து அசைந்தால் பந்து மூட்டு. கம்பி சரியாக நகர்ந்தும் சக்கரம் தயங்கினால் கிங்பின். பின்பு முன்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிக் கட்டைகளின் மேல் நிறுத்திவிட்டு, டயரின் மேலும் கீழும் கைகொடுத்து ஆட்டிப் பார்த்தால் கிங்பின்னின் நிலைமை இன்னும் தெளிவாகும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியினடியில் தலை நுழைப்பவர்களுக்கு நான் எதுவும் எழுதுவதற்கில்லை.

சக்கரம் மேலும் கீழும் ஆடுகிறது என்று அன்பர் எழுதியிருப்பது வேறு சங்கதி. தண்டு ஒரு வெளிக்குழாயினுள் சுழல்கிறது. குழாயின் மேல்முனையில் தண்டைத் தாங்கி நிற்பது சிறியதொரு பேரிங் அல்லது புஷ். குழாயை டாஷ்போர்டின் அடியில் பிடித்திருப்பது ஓர் இரும்புப் பட்டை. பேரிங் உதிர்ந்துபோனாலோ, பட்டையின் போல்ட் தளர்ந்தாலோ சக்கரம் ஆடும். தண்டு முழுவதையும் மாற்றிவிட்டு, பழைய தளர்ந்த பட்டையையே பூட்டி, "இன்னும் ஆடுகிறதே" என்று வியந்து நின்றவர்கள் உண்டாம். முதியவர் இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார்.

எவ்வளவு ஆட்டம் பொறுக்கத்தக்கது? இந்திய அரசின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆம் விதி, ஸ்டியரிங் சக்கரத்தில் வீண் ஆட்டம் 30 பாகைக்கு மேற்படலாகாது என்கிறது. கடிகார முகத்தில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் உள்ள இடைவெளியே 30 பாகை. விட்டம் 42 சென்டிமீட்டர் உள்ள சக்கரத்தின் விளிம்பில் அது ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். ஒரு நூலும் சாக்கட்டியும் இருந்தால் யாரும் அளந்துவிடலாம். பந்து மூட்டுகளுக்கு ரப்பர் உறை இருக்கவேண்டும், இணைக்கும் ஆணிகளும் போல்ட்டுகளும் கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டிருக்கவேண்டும் என்றும் அதே விதி கூறுகிறது. என் அபிப்பிராயத்தில் 11 சென்டிமீட்டர் என்பது மிகத் தாராளமான எல்லை. அதில் பாதி வந்தவுடனேயே பட்டறைக்குப் போய்விடுவது நல்லது.

பரீட்சையில் தண்டே குற்றவாளி என்று தெரிந்தால் என்ன செய்வது? இங்கேதான் பழைய வண்டியின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். அக்காலத்துச் சுமை வண்டிகள் பலவற்றில் தண்டும் பெட்டியினுள் உள்ள திருகுமரையும் தனித்தனிப் பாகங்கள் அல்ல. ஓட்டுபவனின் மார்புக்கெதிரே தொடங்கி முன்னச்சின் அருகே முடியும் ஒரே நீண்ட இரும்பு. ஆகவே "தண்டு மட்டும் கொடு" என்று கடையில் கேட்டால் கிடைக்காது. பெட்டியோடு சேர்த்தே வாங்கவேண்டும். பெட்டியோடு சேர்த்தே கழற்றவும் வேண்டும்.

அந்த ஒற்றை இரும்பில் இன்னொரு பெரிய தோஷம் உண்டு. வண்டி எதிலேனும் நேருக்கு நேர் மோதினால், முன்பக்கம் நசுங்கும்போது பெட்டி பின்னோக்கித் தள்ளப்படுகிறது. தண்டு வளைந்துகொடுக்காமல் ஈட்டியைப் போல் ஓட்டுபவனின் மார்பை நோக்கி வருகிறது. இப்படி மாண்டவர்கள் அக்காலத்தில் உலகெங்கும் ஏராளம். அமெரிக்காவில் 1965-ஆம் ஆண்டு ரால்ப் நேடர் மோட்டார்க் கம்பெனிகளின் அலட்சியத்தைக் கண்டித்து நூல் எழுதியதும், மறு ஆண்டே அந்நாட்டில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்ததும் பலருக்கு நினைவிருக்கலாம். 1967-ஆம் ஆண்டு மாடல் கார்களில், மோதலின்போது தொலைநோக்கியைப் போல் ஒன்றினுள் ஒன்று நுழைந்து நசுங்கிச் சுருங்கும் தண்டை ஜெனரல் மோட்டார்ஸ் பொருத்தியது. 1968 ஜனவரி முதல் அமெரிக்கப் பயணிகள் கார்கள் யாவற்றுக்கும் இவ்வகைப் பாதுகாப்புக் கட்டாயமாயிற்று. மணிக்கு ஏறக்குறைய 48 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதினாலும் தண்டின் மேல்முனை 127 மில்லிமீட்டருக்கு மேல் பின்னோக்கி வரலாகாது என்பது விதி. சுமை வண்டிகளுக்கு இக்கட்டாயம் வந்து சேர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. நம் அன்பரின் செவர்லேயோ இவையெல்லாவற்றுக்கும் முந்தியது. பம்பாய் ஸேவ்ரியில் ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் 1954 வரை வண்டிகளைப் பூட்டி விற்ற காலத்தைச் சேர்ந்ததாகத்தான் இருக்கவேண்டும். பையனின் மார்புக்கெதிரே இருப்பது அந்த ஈட்டிதான் என்பதை அவனிடம் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவது தகப்பனாரின் கடமை.

இனி மாயாபுரிக்கு வருவோம். நமக்கு அது தூரமில்லை. ஜனக்புரியிலிருந்து நீலப் பாதை மெட்ரோவில் ராஜௌரி கார்டன் சென்று இளஞ்சிவப்புப் பாதைக்கு மாறினால் அடுத்த நிலையமே மாயாபுரி. சென்னைவாசிகளுக்குப் புதுப்பேட்டை எப்படியோ, டெல்லிவாசிகளுக்கு மாயாபுரி அப்படி. உடைத்துப் பிரித்த வண்டிகளின் உறுப்புகள் மலைமலையாகக் குவிந்து கிடக்கும். 2010 ஏப்ரலில் அங்கே பழைய இரும்போடு இரும்பாக வந்து சேர்ந்த கோபால்ட்-60 கதிர்வீச்சுப் பொருளால் தொழிலாளர்கள் பலர் நோயுற்று ஒருவர் மாண்டதும் மறக்கத்தக்கதல்ல. கபாடிக் கடையில் ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பது கடைக்காரருக்கே பல சமயம் தெரியாது என்பதற்கு அதைவிடக் கொடிய உதாரணம் வேண்டாம்.

நம் விஷயத்திலும் கேள்வி அதுதான்: இத்தண்டு எந்த வண்டியிலிருந்து வந்தது? உடைப்புக்கு வரும் வண்டிகளில் விபத்துக்குள்ளானவையும் உண்டு. விபத்தில் பட்ட ஒற்றைத் தண்டு கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்திருக்கலாம். அதனைச் சமமான இரு கட்டைகளின் மேல் கிடத்தி மெதுவாக உருட்டினால் நடுப்பகுதி ஏறி இறங்குவது தெரியும். லேத் பட்டறையில் இரு முனைகளையும் பிடித்துச் சுழற்றிப் பார்த்தால் இன்னும் நிச்சயம். நசுங்கிச் சுருங்கும் நவீன வகையில் அபாயம் அதிகம். மோதலில் ஒருமுறை சுருங்கிய தண்டு தன் வேலையை முடித்துவிட்டது. அதை இழுத்து நீட்டிச் சாயம் பூசி விற்றால் வெளிப்பார்வைக்குப் புதிதுபோல் இருக்கும்; மறுமுறை மோதும்போது காப்பாற்றாது. அவ்வகையில் பலவற்றில் உள்தண்டின் இரு துண்டுகளையும் பிளாஸ்டிக் ஆணிகளே சேர்த்துப் பிடித்திருக்கின்றன. அவை அறுந்திருந்தால் தண்டை நீளவாக்கில் தள்ளி இழுக்கும்போது கடகடவென்று நகரும். வெளிக்குழாயின் வலைப்பின்னல் போன்ற பகுதி நசுங்கியிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். சந்தேகம் வந்தால் விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள். அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கடைக்காரர் வெல்டிங் வைத்து நீளம் சரிசெய்து தருவதாகச் சொல்வார். ஸ்டியரிங் தண்டில் வெல்டிங் வைத்த வண்டியில் நான் ஏறமாட்டேன். என் வீட்டார் ஏறவும் விடமாட்டேன். பற்றவைத்த இடத்தின் அருகே இரும்பு தன் குணத்தை இழந்து நிற்கும். அது அறுபடும்போது முன்னறிவிப்புக் கொடுப்பதில்லை.

அமெரிக்காவிலுள்ள உறவினர் மூலம் புதிய பாகம் வரவழைக்கலாமே என்று ஒரு யோசனை. செவர்லே பிக்கப்புக்கு அங்கே இன்றும் புதுப் பாகங்கள் செய்து விற்கிறார்கள் என்பது மெய்யே. ஆனால் அந்நாட்டு வண்டியில் ஸ்டியரிங் இடப்பக்கம், நம்முடையது வலப்பக்கம். மேல் பேரிங், புஷ் போன்றவை பொருந்தக்கூடும். பெட்டியும், ஸ்டியரிங் தண்டின்மேல் கியர்க்கோல் உள்ள வண்டியானால் அதன் இணைப்புக் கம்பிகளும் பொருந்தும் என்று எண்ணிப் பணம் அனுப்பிவிடலாகாது. அளவுகளை எழுதிக் கேட்டு, படம் வரவழைத்துப் பார்த்த பின்பே தீர்மானிக்கவேண்டும்.

மாற்றும் வேலையைப் பற்றியும் சில வார்த்தை. ஊர் மெக்கானிக்குக்கு இதனைப் படித்துக் காட்டலாம். முதலில் பாட்டரியின் இணைப்பை அகற்றவேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் ஹாரன் கம்பி தண்டின் வழியேதான் போகிறது. முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, ஸ்டியரிங் சக்கரமும் தண்டும் சேருமிடத்திலும், பிட்மன் ஆர்மும் பெட்டியின் அச்சும் சேருமிடத்திலும் உளியால் சிறு கோடிட்டுக்கொண்டால் திரும்பப் பூட்டும்போது குழப்பமில்லை. சக்கரத்தையும் பிட்மன் ஆர்மையும் புல்லர் வைத்தே கழற்றவேண்டும். சுத்தியலால் தட்டிக் கழற்றுவது நம் நாட்டுப் பட்டறைகளின் குலவழக்கம். அந்த அடி பெட்டிக்குள் உள்ள பேரிங்குகளில் போய் விழுகிறது. நவீன வகைத் தண்டானால் பிளாஸ்டிக் ஆணிகள் அங்கேயே அறுகின்றன. பெட்டியைக் கழற்றிய பின் நீண்ட தண்டோடு அதனை வெளியே எடுக்க வண்டியின் தரைத்தகட்டை அகற்றி, முன்பக்கத்தை நன்கு உயர்த்தவேண்டியிருக்கும். இரண்டு ஆள் வேலை.

புதிதைப் பூட்டிய பின், ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பிச் சுற்றுகளை எண்ணி, அதில் சரிபாதியில் நிறுத்தி, அந்நிலையில் முன்சக்கரங்கள் நேராக நிற்கும்படி இணைக்கவேண்டும். பெட்டியின் இறுக்கம் நடுநிலையில்தான் பொருத்தமாக இருக்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. நடுவை விட்டுப் பூட்டினால் நேர்ச்சாலையில் வண்டி அலையும். பெட்டிக்குள் கியர் ஆயிலை ஊற்றவேண்டும் என்று வண்டியின் புத்தகம் சொன்னால், கிரீஸை அடைத்து ஒப்பேற்றக் கூடாது. கெட்டி கிரீஸ் ஒருமுறை ஒதுங்கினால் பல்லுக்குத் திரும்பி வராது. ஒழுகுகிறதென்றால் ஸீலை மாற்றுவதே வைத்தியம். எல்லா போல்ட்டுகளுக்கும் புதுப் பூட்டுவளையம், புதுக் கோட்டர்பின். பழைய கோட்டர்பின்னை நிமிர்த்தி மறுபடி நுழைப்பது காலணாச் சிக்கனம்.

சட்ட விஷயம் ஒன்று. அன்பர் கடிதத்தின் கடைசியில், வண்டி சரியானதும் டெல்லிக்கே கொண்டுவந்துவிடலாமா என்று ஆசையாகக் கேட்டிருக்கிறார். வேண்டாம். 10 ஆண்டு கடந்த டீசல் வண்டியும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் தலைநகர் வட்டாரத்தில் ஓடலாகாது என்று பசுமைத் தீர்ப்பாயம் பிறப்பித்த உத்தரவை 2018-இல் உச்ச நீதிமன்றமும் நிலைநிறுத்தியது. 2025-இல் அதன்மேல் மேலும் உத்தரவுகள் வந்தன. அவற்றின் வாதப் பிரதிவாதங்கள் எப்படிப் போனாலும் 1950-ஆம் ஆண்டு வண்டியை இங்கே அன்றாடம் ஓட்ட எண்ணுவது வீண். 50 ஆண்டு கடந்த புராதன வண்டிகளுக்கென 2021-இல் தனிப் பதிவு முறை ஏற்பட்டிருக்கிறது. பதிவெண்ணில் 'வி ஏ' என்ற எழுத்துகள் வரும். கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குக் கொண்டுபோகலாம். அன்றாட உபயோகத்துக்கோ வியாபாரத்துக்கோ ஓட்டக்கூடாது. அதுவும் சொந்த உபயோகத்துக்கான பயணிகள் வண்டிக்கும் இருசக்கர வண்டிக்கும் என்று வகுக்கப்பட்டது. அரிசி மூட்டை ஏற்றப் பதிவான பிக்கப் அதில் அடங்குமா என்பதைப் பதிவுப் புத்தகத்தோடு கரூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் கேட்பதே உசிதம். வண்டியின் மூல அமைப்பை மாற்றலாகாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விதித்திருக்கிறது. பழுதான பாகத்தை அதே வகைப் பாகத்தால் மாற்றுவதில் தடையில்லை. வேறு வண்டியின் நவீனத் தண்டை வெட்டி ஒட்டிப் பொருத்த நினைப்பவர்கள் அலுவலகத்தின் அனுமதியை முதலில் பெறவேண்டும்.

ஆக, அன்பருக்கு என் விடை: இப்போது வாங்க வேண்டாம். இரண்டு பேரை வைத்து மேற்சொன்ன பரீட்சையைச் செய்யச் சொல்லி, எந்த இடத்தில் அசைவு நிற்கிறது என்று எழுதி வரவழையுங்கள். என் ஊகம், மேல் பேரிங்கும் பந்து மூட்டுகளும்தான் காரணமாக இருக்கும். அவை திருச்சியிலோ கோவையிலோ கிடைக்காத பொருள்களல்ல. தண்டேதான் என்றால், பழைய பெட்டியின் எண்ணையும், தண்டின் நீளத்தையும், பல்வரிசையின் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு மாயாபுரி போவோம். ஞாயிறன்று நானும் கூட வருகிறேன்.

வாங்கியபின் அனுப்பும் காரியம் என் இலாகா. பெட்டியிலுள்ள ஆயிலை முழுதும் வடித்துத் துடைத்துவிடுங்கள். ஒழுகும் பார்சலை யாரும் ஏற்கமாட்டார்கள். திருகுமரையின் முனைகளிலும் பல்வரிசையிலும் கோணித்துணி சுற்றி, முழு நீளத்துக்கும் மரச்சட்டம் அடித்து மூடுங்கள். அனுப்புபவர், பெறுபவர் பெயரும் நிலையங்களின் பெயரும் சட்டத்தின் மேலேயே அழியாத மையில் இருக்கட்டும்; ஒட்டிய காகிதம் வழியிலேயே கிழிந்துபோகும். பதிவு செய்யும்போது பொருளின் மதிப்பைத் தெரிவித்து அதற்குரிய கட்டணத்தையும் செலுத்திவிடுங்கள். மதிப்புக் கூறாத பார்சல் தொலைந்தால் எடைக்கணக்கில் வரையறுத்த சொற்பத் தொகைக்கு மேல் நஷ்டஈடு கிடைக்காது. ரசீதை அன்றே ஊருக்கு அனுப்பி, பார்சல் வந்து சேர்ந்ததும் தாமதமின்றி எடுக்கச் சொல்லுங்கள். இலவச நேரம் கடந்தால் மணிக்கணக்கில் வார்ஃபேஜ் ஏறும். எடுக்கும்போது சட்டம் உடைந்திருந்தால், கையெழுத்திடுமுன் பார்சல் குமாஸ்தாவிடம் சொல்லி எழுத்தில் குறிக்கச் செய்யவேண்டும். கையெழுத்திட்டுவிட்டு மறுநாள் வந்து முறையிடுபவர்களுக்கு எங்களால் அனுதாபம் மட்டுமே அளிக்க முடிகிறது.